பொத்தானை அழுத்தியதும் ஒலி: கணினிக்கு முன்பே வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வானொலி நாடகங்களின் ஒலி விளைவுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொட்டாங்குச்சியைத் தட்டிக் குதிரையை ஓட்டியதையும், தகரத் தகட்டை உலுக்கி இடி முழக்கியதையும் கட்டுரையாளர் சுவையாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த பத்தியில் ஒரே தாவாகத் தாவி, பிறகு கணினி வந்தது, பொத்தானை அழுத்தியதும் வேண்டிய ஒலி கேட்கத் தொடங்கியது என்று முடித்துவிட்டார். கொட்டாங்குச்சிக்கும் கணினிக்கும் நடுவே ஏறக்குறைய அரை நூற்றாண்டு இருக்கிறது. அதில் ஒரு நல்ல பங்கை ஒலிபரப்புக் கூடத்தில் டேப் இயந்திரங்களோடு கழித்தவன் நான். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பொத்தானை அழுத்தியதும் ஒலி வருவது கணினி கொடுத்த வரம் என்று பலரும் நினைக்கிறார்கள். 1959-ஆம் ஆண்டிலேயே அந்த வசதி விற்பனைக்கு வந்துவிட்டது. கால் அங்குல அகலமுள்ள காந்த நாடா, ஒரு மோட்டார், மின்சாரம் பாய்ந்ததும் இழுக்கும் காந்தச் சுருளான ஒரு சொலினாய்டு, ஒரு ரப்பர் உருளை ஆகியவை சேர்ந்து செய்த வேலை அது. கடிதம் சற்று நீளும். தேவையானால் வெட்டிக்கொள்ளுங்கள், நாங்களும் வெட்டி ஒட்டிப் பிழைத்தவர்கள்தாம்.

ஒலி விளைவின் உயிர் நேரத்தில் இருக்கிறது. ஒலி எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறது என்பது அதற்கு அடுத்ததுதான். நாடகத்தில் ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியேறுகிறார், கதவு அறைந்து சாத்தப்பட வேண்டும். அந்த ஓசை ஒரு நொடி தாமதித்தால், அவர் கதவருகே நின்று மனம் மாறி யோசித்ததாகக் கேட்பவர் எடுத்துக்கொள்வார். நடிகர் சுடப்பட்டு அலறிய பிறகு துப்பாக்கி வெடித்தால் சோக நாடகம் நகைச்சுவை நாடகமாகிவிடும். கொட்டாங்குச்சி ஏன் அவ்வளவு காலம் நீடித்தது? அது மனிதன் கையில் இருந்தது. நடிகரின் வாயைப் பார்த்துக்கொண்டே தட்டலாம். இயந்திரத்தில் பதிந்த ஒலி அந்தக் கையின் வேகத்தை எட்டும்வரை கொட்டாங்குச்சியை யாராலும் வேலையைவிட்டு நீக்க முடியவில்லை.

முதலில் இசைத்தட்டு வந்தது. ரயில், கடல், கூட்டத்தின் இரைச்சல் என்று நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் தட்டுகளில் ஒலி விளைவுகளைத் தனி நூலகமாகவே விற்றார்கள். சுழல்மேடைகளை வரிசையாக வைத்து, வேண்டிய பள்ளத்தை மெழுகுப் பென்சிலால் குறித்து, ஊசியைச் சரியாக அங்கே இறக்குவது பெரிய வித்தை. எனக்கு முந்திய தலைமுறையினர் அதை ஏதோ போர்க்கலை போலச் சொல்வார்கள். தட்டு தேயத் தேய இரைச்சல் ஏறும். மழைத் தட்டை மட்டும் யாரும் மாற்றச் சொன்னதில்லை என்று ஒரு பெரியவர் சொல்லிச் சிரிப்பார். தேய்மானத்தின் சத்தமும் மழை மாதிரியேதான் இருக்குமாம்.

காந்த நாடாவின் கதை எல்லாரும் அறிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனம் 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மேக்னட்டோஃபோன் என்ற இயந்திரத்தைக் காட்டியது. 1940-இல் அங்கேயே, பதியும் ஒலியோடு காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைக் கலக்கும் பயஸ் முறை கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் நாடாவின் ஒலி காதுக்கு இதமானது. போர் முடிந்ததும் ஜாக் மல்லின் என்ற அமெரிக்கப் படைப் பொறியாளர் அந்த இயந்திரங்களில் இரண்டைப் பகுதி பகுதியாகத் தம் நாட்டுக்கு அனுப்பிவைத்தார். பாடகர் பிங் கிராஸ்பியின் வானொலி நிகழ்ச்சி 1947-இல் அவற்றில் பதிவானது; 1948-இல் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் இயந்திரங்கள் வந்தன.

இதில் நம் பேச்சுக்கு வேண்டிய ஒரு துணுக்கு உண்டு. ஒரு நகைச்சுவைக் கலைஞர் சொன்ன விரசமான வேடிக்கைகளுக்கு அரங்கம் வயிறு வெடிக்கச் சிரித்ததாம். அந்த வேடிக்கைகளை ஒலிபரப்ப முடியாது. ஆனால் சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார்கள். சில வாரம் கழித்து வேறொரு நிகழ்ச்சியில் நகைச்சுவை எடுபடாமல் போனபோது அந்தச் சிரிப்பை ஒட்டிவிட்டார்கள். மல்லினே பின்னாளில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். ஒலிபரப்பில் நாடா கற்றுக்கொண்ட முதல் பொய்களில் இதுவும் ஒன்று.

ஸ்பூலில் சுற்றிய நாடா ஒலியின் தரத்தை உயர்த்தியது. நேரச் சிக்கலைத் தீர்க்கவில்லை. ஒரு நாடகத்துக்கான ஒலிகளை வரிசைப்படி ஒரே ஸ்பூலில் ஒட்டி, நடுவில் ஒலி பதியாத வண்ண லீடர் நாடா வைப்போம். ஒரு ஒலி முடிந்ததும் அடுத்த லீடரின் விளிம்பை, நாடாவைப் படிக்கும் காந்தத் தலையான ஹெட்டின் முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஸ்பூலைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டி, ஒலி எங்கே தொடங்குகிறது என்று உறுமலைக் கேட்டுக் கண்டுபிடிப்போம். ஒத்திகையில் இயக்குநர் "ஒன்பதாம் பக்கத்திலிருந்து மறுபடியும்" என்பார். நடிகர்களுக்கு அது தாளைப் புரட்டும் வேலை. எங்களுக்கு நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி, லீடர்களை எண்ணி, தேடி நிறுத்தும் வேலை. எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த இடத்தில்தான் கார்ட்ரிட்ஜ் வருகிறது. நாங்கள் சுருக்கமாகக் கார்ட் என்போம். பெர்னார்ட் கூசினோ என்பவரின் முடிவற்ற நாடாச் சுற்று யோசனையைப் பின்பற்றி, ஜார்ஜ் ஈஷ் என்பவர் ஐம்பதுகளின் நடுவில் இதை உருவாக்கினார், பெயர் ஃபிடெலிபேக். 1959-இல் அமெரிக்க ஒலிபரப்பாளர் சங்கத்தின் மாநாட்டில் காலின்ஸ் ரேடியோ நிறுவனம் இதற்கான இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. உண்மையைச் சொன்னால் நாடகக்காரர்களை நினைத்து யாரும் இதைச் செய்யவில்லை. விளம்பரங்களையும் நிலைய அறிவிப்புகளையும் தடுமாறாமல் அடுத்தடுத்து ஒலிக்கவிடுவதற்காகச் செய்தது, நாங்கள் ஒட்டிக்கொண்டோம்.

கையடக்கமான பிளாஸ்டிக் பெட்டி. மிகுதியாகப் புழங்கிய ஏ அளவுக் கார்ட் நான்கு அங்குல அகலம். உள்ளே ஒரே ஒரு சுருள்தான். இரண்டாவது ஸ்பூலுக்கு இடமே கிடையாது. நூற்கண்டின் உள்முனையைப் பிடித்து இழுத்து, இழுத்த நூலை அதே கண்டின் வெளிப்பக்கத்தில் சுற்றிக்கொண்டே போவதாக எண்ணிப்பாருங்கள். நாடா சுருளின் மையத்திலிருந்து கிளம்பி, பெட்டியின் முன்வாயில் ஹெட்டுகளைத் தொட்டுக் கடந்து, சுருளின் வெளிவிளிம்பில் போய்ச் சேரும். இரு முனைகளும் ஒட்டப்பட்டிருப்பதால் முடிவே இல்லை.

கேட்க எளிமையாக இருக்கிறது; உள்ளே நடப்பது பெரிய இழுபறி. சுருள் ஒருமுறை சுற்றும்போது உட்சுற்றிலிருந்து வெளியேறும் நீளம் குறைவு. வெளிச்சுற்றில் அடங்கக்கூடிய நீளம் அதிகம். அந்த வேறுபாட்டை ஈடுகட்ட, சுருளின் ஒவ்வொரு அடுக்கும் அடுத்த அடுக்கின் மேல் ஓயாமல் வழுக்கியாக வேண்டும். அதற்காகத்தான் கார்ட் நாடாவின் முதுகில் கிராஃபைட் பூசியிருப்பார்கள். சாதாரண நாடாவைப் போட்டால் சிறிது நேரத்திலேயே இறுகி நின்றுவிடும். வழுக்கல் ஒரே திசையில்தான் நடக்கும் என்பதால் கார்ட்டைப் பின்னோக்கிச் சுற்றவும் முடியாது.

பின்னோக்கிச் சுற்ற முடியாத இந்தக் குறையிலிருந்துதான் அந்த இயந்திரத்தின் பெரிய புத்திசாலித்தனம் பிறந்தது. மோனோ கார்ட் நாடாவில் இரண்டு தடங்கள். ஒன்றில் ஒலி, மற்றொன்று கேட்பவர் காதுக்கு ஒருபோதும் எட்டாத கியூ தடம். பதிவு தொடங்கும் கணத்தில் இயந்திரமே கியூ தடத்தில் 1000 ஹெர்ட்ஸ் சைகை ஒன்றைப் பதித்துவிடும். பிறகு பொத்தானை அழுத்தினால் ஒலி வரும், முடியும், நாடா மௌனமாக ஓடி முழுச்சுற்று வந்து அந்தச் சைகையைத் தொட்டதும் தானே நிற்கும். நிற்கும் இடம் ஒலி தொடங்கும் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால். ஆகவே இயந்திரத்திலிருந்து எடுத்து அடுக்கில் வைக்கப்படும் ஒவ்வொரு கார்ட்டும் அடுத்த முறைக்கு ஆயத்தமாகவே உறங்குகிறது. ஒரு மாதம் கழித்து எடுத்துச் செருகி அழுத்தினாலும் கதவு அந்தக் கணமே அறையும். தேட வேண்டாம், ஆட்டிப் பார்க்க வேண்டாம்.

இன்னும் இரண்டு சைகைகள் உண்டு. 150 ஹெர்ட்ஸ் சைகையை ஒலி முடியும் இடத்தில் வைத்தால் அது அடுத்த இயந்திரத்தைத் தானே கிளப்பிவிடும். கார் நிற்கும் ஒலியின் முடிவில் அதை வைத்து, கார்க்கதவு திறக்கும் கார்ட்டைப் பக்கத்து அடுக்கில் செருகிவிட்டால் இரண்டும் கைபடாமல் அடுத்தடுத்து வரும். 8000 ஹெர்ட்ஸ் சைகை வேறு துணை வேலைகளுக்கு. நாடகப் பிரிவில் நாங்கள் அதைத் தொட்டதே இல்லை.

கார்ட்டைச் செருகும்போதே, நாடாவை இழுக்கும் சுழல்தண்டான கேப்ஸ்டனின் மோட்டார் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ரப்பர் உருளை இயந்திரத்துக்குள்ளிருந்து எழும்பி, பெட்டியின் அடியில் உள்ள பெரிய துளை வழியாக நாடாவுக்குப் பின்னால் வந்து நிற்கும். பொத்தானை அழுத்தியதும் சொலினாய்டு அதைச் சடக்கென்று கேப்ஸ்டனோடு அழுத்தும். நாடா நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தைக் கண் இமைப்பதற்குள் எட்டிவிடும். நாங்கள் நாடகத்தின் ஓட்டத்தை அறிந்திருந்தால் கொட்டாங்குச்சிக்காரரின் கையும் எங்கள் விரலும் ஒன்றுதான். மூன்று கார்ட்டுகளை மேலும் கீழுமாக ஏற்கும் மூவடுக்கு இயந்திரங்கள் இரண்டு பக்கத்தில் இருந்தால் ஆறு ஒலிகள் ஆறு விரல்களில். புயற்காட்சியில் காற்றும் மழையும் இடியும் ஜன்னலும் தனித்தனியாக என் கையில் இருந்தபோது, வசனத்துக்கு இடம்விட்டு இடியை இறக்குவது வாத்தியம் வாசிப்பதற்கு அருகில் வந்துவிடும்.

தங்கள் கட்டுரையோடு வந்த படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டுத் தடப் பாடல் கார்ட்ரிட்ஜ் என்று அதன் கீழே போட்டிருக்கிறீர்கள். அது வானொலிக் கார்ட். அடியில் உருளை நுழையும் துளை தெளிவாகத் தெரிகிறது. 1964-இல் பில் லியர் உருவாக்கிய எட்டுத் தடக் கார்ட்ரிட்ஜில் ரப்பர் உருளை பெட்டிக்குள்ளேயே இருக்கும். இந்தத் துளை இருக்காது. இரண்டும் ஒரே குடும்பம் என்பது உண்மை, ஆனால் ஒன்றை மற்றதில் செருக முடியாது.

அழகான இந்த ஏற்பாட்டுக்குள் எங்களுக்கு இருந்த தலைவலி காத்திருப்பு. ஒலி முடிந்த பிறகும் நாடா முழுச்சுற்று வந்தால்தான் மறுபடி ஆயத்தம். மூன்று நொடித் துப்பாக்கி ஒலியை எழுபது நொடிக் கார்ட்டில் பதித்துவைத்த புண்ணியவானுக்கு, அடுத்த குண்டு வெடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். வில்லன் அதுவரை வசனம் பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே நீளத்தைப் பார்த்து எடுப்போம். பத்து நொடிக் கார்ட்டில் இருப்பது எழுபத்தைந்து அங்குல நாடா, இரண்டு மீட்டருக்கும் குறைவு. அடிக்கடி வேண்டிய ஒலியை இரண்டு மூன்று கார்ட்டில் பதித்துவைப்போம். ஒரே ஒலியை ஒரு சுற்றில் பல இடங்களில் பதித்து ஒவ்வொன்றுக்கும் சைகை வைப்பவர்களும் உண்டு. கதவு தட்டும் ஒலிக்கு அதுதான் சரி, ஒவ்வொரு தட்டலும் சிறிது மாறியிருக்கும். இன்றைய நாடகங்களில் ஒரே கதவு அச்சுப் பிசகாமல் ஒரே விதமாகத் தட்டப்படுவதைக் கேட்கும்போது எனக்குப் பல் கூசுகிறது.

பதிவதிலும் சடங்குகள் இருந்தன. பெரும்பாலான கார்ட் இயந்திரங்களில் அழிக்கும் ஹெட் கிடையாது. பழைய ஒலியைப் போக்க, கார்ட்டை மின்காந்த அழிப்பான் மேல் வைத்து மெல்லச் சுழற்றி, கையை நீட்டித் தூரமாக எடுத்த பிறகே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அவசரப்பட்டால் நாடாவில் டப் டப் என்று ஒரு துடிப்பு தங்கிவிடும். அடுத்து, நாடாவின் ஒட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அதைத் தாண்டிய பிறகே பதிவைத் தொடங்க வேண்டும். இல்லையேல் இடிக்கு நடுவில் ஒட்டு ஹெட்டைக் கடந்து ஒலி விக்கும்.

இளைஞர்கள் சிலர் இப்போது நாடாவின் ஒலிக்கு ஒரு தனி இதம் உண்டு என்று உருகுகிறார்கள். கார்ட்டைப் பொறுத்தவரை அதை நான் ஏற்பதற்கில்லை. பிளாஸ்டிக் பெட்டிக்குள் நாடா ஒவ்வொரு முறையும் இம்மியளவு சாய்ந்து ஓடும். ஸ்டீரியோ கார்ட்டில் இடத்தடமும் வலத்தடமும் அதனால் ஒன்றுக்கொன்று இம்மியளவு முன்பின்னாகி, மோனோவில் கேட்பவருக்கு மேல்சுருதிகள் கரைந்துபோகும். கண்ணாடி உடையும் ஒலி ஏதோ பீங்கான் விழுந்ததுபோல் மழுங்கும். கிராஃபைட் உதிர்ந்து ஹெட்டில் கறுப்பாகப் படியும். ஆல்கஹால் தோய்ந்த பஞ்சோடுதான் நாள் தொடங்கும். சொலினாய்டின் சடக் ஒலி, ஒலிவாங்கி அருகில் இருந்தால் ஒலிபரப்பிலேயே கேட்கும். நான் பாராட்டுவது அதன் ஒலியை இல்லை, அதன் ஆயத்தத்தை.

கார்ட் மட்டுமே இந்தச் சிக்கலுக்கு விடை தேடியது என்றும் எண்ண வேண்டாம். ஐம்பதுகளில் அமெரிக்காவில் லூயிஸ் மெக்கன்சி என்பவர் ஐந்து முடிவற்ற நாடாச் சுற்றுகளை ஒரே பெட்டியில் வைத்து, ஐந்து ஒலிகளைத் தனித்தனியே உடனுக்குடன் எழுப்பும் இயந்திரம் செய்தார். அதே பத்தாண்டில் சார்லி டக்ளஸ் தொலைக்காட்சிக்காகச் செய்த சிரிப்புப் பெட்டியில் 32 நாடாச் சுற்றுகள், சுற்றுக்குப் பத்துச் சிரிப்புகள், ஆக 320 விதச் சிரிப்பு. தட்டச்சு இயந்திரம் போன்ற விசைகளும் ஒரு கால்மிதியும் கொண்டு ஆண் சிரிப்பு, பெண் சிரிப்பு, அடங்கும் சிரிப்பு என்று வாசிப்பார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எவரும் பார்க்காமலிருக்கப் பூட்டுப் போட்டு வைத்திருந்தாராம்.

எனக்கு மிகவும் பிடித்தது பிரிட்டனின் மெல்லோட்ரான். பர்மிங்ஹாமில் பிராட்லி சகோதரர்கள் 1963 முதல் செய்த இந்த விசைப்பலகைக் கருவியில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு நாடாத் துண்டு. விசையை அழுத்தினால் அது ஏறக்குறைய எட்டு நொடி ஓடும். விரலை எடுத்தால் சுருள்வில் அதைத் தொடக்கத்துக்கே இழுத்துக்கொள்ளும். இசைக் கருவியாகத்தான் உலகம் இதை அறியும். ஆனால் பிபிசிக்காக இதையே ஒலி விளைவு இயந்திரமாகவும் செய்தார்கள். எழுபது விசைகள், விசைக்குப் பதினெட்டு ஒலிகள், மொத்தம் 1260. கணினிப் பலகையில் வண்ணச் சதுரங்களைத் தட்டி ஒலி எழுப்பும் இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்தால் பாட்டனைக் கண்டதுபோல் உணர்வார்கள்.

ஒலிக்கவிடுவதைப் பற்றியே பேசிவிட்டேன். ஒலியைச் சமைத்த நாடாவும் இதே நாடாதான், அதைச் சுருக்கமாகவாவது சொல்லாவிட்டால் நியாயமில்லை. வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி ஓர் எட்டுச்சுரம் இறங்கி, நேரம் இரட்டிப்பாகும். அலமாரிக் கதவு கோட்டைக் கதவாகும். திருப்பி ஓட்டினால் மணியோசை மூச்சை உள்ளிழுக்கும். நீண்ட காற்றோசை வேண்டுமென்றால் நல்ல ஒரு பகுதியை வளையமாக ஒட்டி, ஒலிவாங்கித் தாங்கியைச் சுற்றி ஓடவிடுவோம். பிளேடால் 45 பாகைச் சாய்வில் வெட்டினால் இணைப்பு காதுக்குத் தெரியாது. திடீரென்று தொடங்கும் ஒலிக்கு நேர்வெட்டுத்தான் சரி. 1958-இல் தொடங்கிய பிபிசியின் ரேடியோஃபோனிக் பட்டறையில் இந்தப் பிளேடு வேலையை ஒரு கலையாகவே உயர்த்தினார்கள். 'டாக்டர் ஹூ' என்ற பிபிசி தொலைக்காட்சித் தொடரில் காலப்பயணப் பெட்டகம் கிளம்பும் புகழ்பெற்ற ஒலியின் மூலம், பியானோவின் மந்தரத் தந்திகள்மேல் பிரையன் ஹாட்ஜ்சன் தேய்த்த சாவிதான். மீதியெல்லாம் நாடாவின் கைங்கரியம்.

இப்போது நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததன் காரணத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் இறுதியில் மினிடிஸ்க்கும் கணினியும் வந்து கார்ட் இயந்திரங்கள் ஒலிபரப்பிலிருந்து விடைபெற்றன. அது நடக்க வேண்டியதுதான், புலம்ப ஒன்றுமில்லை. நடந்த விதம்தான் வயிற்றெரிச்சல். நான் பணியாற்றிய கூடத்தில் இடம் காலியாக வேண்டும் என்று கார்ட் அடுக்குகளை அப்படியே குப்பை வண்டியில் ஏற்றினார்கள். இந்த ஒலியெல்லாம் குறுந்தகட்டில் விலைக்குக் கிடைக்கிறதே என்று விளக்கம் சொன்னார்கள். ரயில் கிடைக்கும்தான், இடியும் கிடைக்கும். ஒலிப்பதிவாளர் ஒருவர் தம் கையாலேயே எடுத்துவந்த ஒரு குறிப்பிட்ட தெருவின் அதிகாலை, இப்போது ஓடாத ஓர் எந்திரத்தின் இரைச்சல், ஒரு தொலைபேசி நிலையத்தின் சுவிட்சுகள் சடசடப்பது, இவை எந்தக் குறுந்தகட்டிலும் இல்லை. பிபிசி தன் சேகரிப்பிலிருந்து பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிகளை 2018-இல் பொதுமக்கள் கேட்கும்படி இணையத்தில் வைத்தது. யாரோ ஒருவர் அவற்றைக் குப்பையில் போடாமல் வைத்திருந்ததால்தானே அது முடிந்தது?

அடுக்கிலிருந்தோ பரணிலிருந்தோ இப்படிப்பட்ட கார்ட்டுகளோ ஸ்பூல்களோ தங்கள் வாசகர் எவருக்காவது கிடைத்தால், ஆவலில் உடனே எதிலாவது செருகி ஓட்டிப் பார்க்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கார்ட்டின் முன்வாயில் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்க நுரைரப்பர் துண்டுகள் இருக்கும். பல ஆண்டுகளில் அவை பொடியாகவோ பிசினாகவோ மாறியிருக்கும். பிசினானது நாடாவிலும் ஹெட்டிலும் அப்பிக்கொண்டால் போனது போனதுதான். மேல்மூடியைத் திறந்து அவற்றை முதலில் மாற்ற வேண்டும். ஒட்டும் காய்ந்திருக்கும்; ஓட்டினால் பிரிந்து, சுருள் பெட்டிக்குள் சிக்கலாகிவிடும். பழைய ஒட்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுவதே பாதுகாப்பு. இயந்திரம் கிடைக்காவிட்டால் நாடாவை வெளியே எடுத்துச் சாதாரண ஸ்பூலில் சுற்றி, ஏழரை அங்குல வேகமுள்ள ஸ்பூல் இயந்திரத்தில் ஓட்டலாம். கிராஃபைட்டால் கேப்ஸ்டன் வழுக்கும், ஹெட் கறுக்கும். ஒவ்வொரு நாடாவுக்குப் பிறகும் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஸ்பூல்களுக்கு வேறு எச்சரிக்கை. எழுபதுகளிலிருந்து வந்த சில நாடாக்களில் காந்தத் துகளைப் பிடித்துவைக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் கீச்சிட்டு நிற்கும், பூச்சு உரிந்து வரும். இத்தகைய நாடாவை ஏறக்குறைய 54 பாகை செல்சியசில் பல மணி நேரம் ஒரே சீராகச் சூடேற்றி, சில வாரங்களுக்குள் பிரதி எடுத்துவிடுவது வழக்கம். வீட்டு அடுப்பில் செய்யும் வேலை அன்று, தெரிந்தவரிடம் கொடுங்கள். அதைவிட முக்கியம், அசிடேட் என்னும் பிளாஸ்டிக்கில் செய்த பழைய நாடாவைச் சூடேற்றவே கூடாது, அது சுருங்கிப் பாழாகும். ஸ்பூலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தால் அசிடேட் வழியாக ஒளி கசியும். பாலியஸ்டர் நாடா இருண்டே இருக்கும். வினிகர் வாடை வந்தால் அதுவும் அசிடேட்தான், அதுவும் அழியத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

துப்பாக்கி ஒலிக்கு முன் மெல்லிய ஆவி ஒலி ஒன்று கேட்டால் நாடா கெட்டுவிட்டதாக நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். சுருளில் ஓர் அடுக்கின் காந்தம் அடுத்த அடுக்கில் மெல்லப் பதிவதுதான் அது. இதற்குப் பயந்துதான் நாங்கள் நாடாவின் கடைமுனை வெளியே இருக்கும்படி சுற்றிவைப்போம்; அப்படிச் செய்தால் உரக்கக் கேட்கும் எதிரொலி ஒலிக்குப் பின்னால் விழுந்து அதன் நிழலில் மறைந்துவிடும். ஆகவே ஸ்பூலை எடுத்ததும் ஒலி தலைகீழாகக் கேட்டால் பதற வேண்டாம், முதலில் மறுபக்கம் சுற்றுங்கள்.

பெட்டியின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டை உரித்தெடுக்காதீர்கள். விழுந்திருந்தால் அந்தக் கார்ட்டோடேயே வையுங்கள். எத்தனை நொடி, எப்படி முடிகிறது, எங்கே எடுத்தது என்று அதில் குறித்திருப்பார்கள். பெயரில்லாத ஒலியால் யாருக்கும் பயனில்லை: மழையா, எண்ணெயில் ஏதாவது பொரிகிறதா என்று பதிவு செய்தவராலேயே சில சமயம் சொல்ல முடியாது. பிரதி எடுக்கும்போது ஒலித் தடத்தோடு கியூ தடத்தையும் சேர்த்தே எடுங்கள். ஸ்டீரியோ ஸ்பூல் இயந்திரத்தில் ஓட்டினால் அது ஒரு பக்கத்தில் தானாகவே வந்துவிடும்; கேட்கச் சகிக்காத பீப் ஒலிதானே என்று அழித்துவிட வேண்டாம். ஒலி எங்கே தொடங்க வேண்டும், அடுத்தது எங்கே கிளம்ப வேண்டும் என்று அந்தப் பணியாளர் எடுத்த முடிவு அதில்தான் பதிந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வானொலி ஒலி விளைவுப் பணியாளர் ஒருவர்